நூற்றிருபது தடவை திறந்த மூடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் பாய்லர் ஓட்டியவர் அவர். குடியிருப்பில் அவருக்குப் பாய்லர் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை ஓய்வூதிய அலுவலகம் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் தப்பாக, எழுதிக்கொண்டிருந்தது.

பாய்லர் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. மணிக்கு ஒரு தடவை நீர்மட்டக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், வால்வைத் திறந்து கொஞ்சம் ஆவியை விட வேண்டும், பார்த்ததை நேரத்தோடு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவை அவர் ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை. தவற விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் கைவசம் ஒரு கதை இருந்தது. எங்கோ ஒருவன் ஒன்றேகால் மணி நேரம் கண்ணசந்துவிட்டான். அந்தப் பாய்லரின் மூடி மூன்று தெரு தாண்டி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அது ஆறுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று, அதுவரை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. யாருக்கும் அடியில்லை. கண்ணசந்தவன் மட்டும் அதற்குப் பிறகு தூங்கவே இல்லை என்று கேள்வி.

இப்போது பாய்லருக்கு வந்த கவலை வேறு. அண்ணன் கால்.

அண்ணனுக்குக் கப்பல் என்று பெயர். சரக்குக் கப்பலில் நாற்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். கடலில் இருந்த காலத்தில் கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. கரைக்கு வந்தபோது சர்க்கரை வியாதி கிடைத்தது. தம்பியோடும் தங்கையோடும் மூன்றாவது மாடி வீட்டில் இருந்தார். தங்கை துணிகளை அளவுக்குப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கும் தையல்காரி. முன்னறையில் அவள் மெஷின், உள்ளறையில் கப்பலின் கட்டில், நடுவே சமையலறை. மூன்று பேரும் தனிக்கட்டைகள். அதனால் வீட்டில் எப்போதும் சண்டை போட ஆள் இருந்தது.

இடது பாதத்தில் புண். வெள்ளிக்கிழமை காட்டியபோது சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை.

"ஊசி பாதி வேலைதான் செய்யும், பெரியவரே. மீதி பாதி உங்க வாய் செய்யணும். அடுத்த வெள்ளிக்கிழமை சர்க்கரை இருநூறுக்குக் கீழ இருந்தா, விரலோட நிறுத்தப் பாக்கறேன். இல்லன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். பிரெட், உருளைக்கிழங்கு, ஜாம், எதுவும் கூடாது."

"அப்ப என்னதான் சாப்பிடறது?"

"காய்கறி, கறி, முட்டை."

"காய்கறி ஆட்டுக்குப் போடறது டாக்டர். நான் ஆட்டைச் சாப்பிடறவன்."

வீட்டுக்கு வந்ததும் கப்பல் நான்கு துண்டு பிரெட்டில் ஜாம் தடவிச் சாப்பிட்டார். தங்கை பிடுங்கப் போனாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். முட்டையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை மணி நேரம் இப்படியே போன பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்.

"ஐரிஷ் ஸ்டியூ பண்ணிக் குடுங்க. ஒழுங்கா, கறி எலும்பை விட்டுத் தானா கழண்டு வர்ற மாதிரி. அதை மூணு வேளையும் சாப்பிடறேன். பிரெட்டைக் கண்ணால பாக்க மாட்டேன்."

"அதுல உருளைக்கிழங்கு இருக்குமே," என்றாள் தங்கை.

"அது உங்க பாடு."

அந்த ஸ்டியூவைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கப்பலில் ஒரு ஐரிஷ்காரக் கிழவர் சொல்லிக்கொடுத்தது. ஆட்டுத் தோள்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு, எலும்புச் சாறு. அண்ணன் கணக்குப்படி அதன் பதம் இவ்வளவு: ஒரு புயலில் கப்பல் முப்பது டிகிரி சாய்ந்தது, அண்டாவில் ஸ்டியூ சாயவில்லை. கேப்டன் சமையலறைக்கு வந்து ஸ்டியூவைப் பார்த்து, எது நேர் என்று தெரிந்துகொண்டு போய்க் கப்பலை நிமிர்த்தினார். இதற்குச் சாட்சிகள் இருந்தார்களாம். எல்லோரும் வேறு வேறு கடலில் செத்துப்போனார்கள்.

பாய்லர் மேல்மாடி நர்ஸிடம் போனார். அண்ணனுக்கு ஊசி போட அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் ஸ்லோ குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முட்டை வடிவத்தில் கனமான பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, அடியில் மெல்லச் சூடாகும் மின்சாரக் கூடு. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தாள். உருளைக்கிழங்குக்குப் பதில் முள்ளங்கி வகைக் கிழங்கான டர்னிப்பும் காலிஃபிளவரும். கேரட் ஒன்று, அதுவும் சின்னது. மாவு போட்டுக் கெட்டியாக்கக் கூடாது, வெந்த காலிஃபிளவரில் கொஞ்சத்தை மசித்துவிட்டால் குழம்பு தானே கெட்டியாகும்.

"காலைல ஏழு மணிக்கு லோ-வுல வைங்க அங்கிள். மூணு மணிக்கு எடுங்க. நடுவுல ஒரு வேலையும் இல்ல. நான் புதன்கிழமை வரைக்கும் டியூட்டில இருப்பேன், அது முடிஞ்சு வந்து பாக்கறேன்."

நடுவில் ஒரு வேலையும் இல்லை என்றதைப் பாய்லர் மரியாதை வார்த்தையாக எடுத்துக்கொண்டார். விருந்தாளி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதில்லையா, அதுபோல.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஸ்லோ குக்கர் ஏறியது. எட்டு மணிக்குப் பாய்லர் மூடியைத் திறந்தார். கறியைக் கரண்டியால் புரட்டினார், சாற்றின் மட்டத்தைப் பார்த்தார், ஆவி போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார், மூடினார். பழைய நோட்டு ஒன்றில் எழுதினார்: 8.00, மட்டம் சரி, கொதி இல்லை. கையெழுத்து. ஒன்பது மணிக்கு மறுபடி. பத்துக்கு மறுபடி. எட்டு தடவை பார்த்து, எட்டுக் கையெழுத்துப் போட்டு, மூன்று மணிக்குத் தட்டில் வைத்தார்.

கப்பல் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். தங்கை ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் மடித்துத் தைத்து முடித்தாள். கப்பல் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ஆடு இன்னும் ஒத்துக்கல," என்றார் கப்பல். துண்டை முழுசாகத் தட்டில் திருப்பி வைத்துவிட்டுப் பிரெட் கேட்டார்.

மறுநாள் காலைச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

பாய்லர் யோசித்தார். ஒரு யந்திரம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: கவனிப்புப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தார். பதினாறு தடவை. கறி முந்தைய நாளைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. டர்னிப்பைக் கடித்தபோது முன்னறை வரை சத்தம் கேட்டது. சர்க்கரை முந்நூற்று இருபத்தாறு.

திங்கட்கிழமை கால் மணிக்கு ஒரு தடவை. முப்பத்திரண்டு. இதற்குத் தங்கையின் உதவி தேவைப்பட்டது. அவள் ஒற்றைப்படைக் கால்மணிகளை எடுத்துக்கொண்டாள். மெஷினிலிருந்து எழுந்து வருவதும் திறப்பதும் முகர்வதும் மூடுவதும் போவதுமாக இருந்தாள்.

"சின்னண்ணே, இது காலைல வெச்சப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"முகத்தை உள்ள விட்டுப் பாக்காத. நெறத்தை மட்டும் பாத்து எழுது."

"நெறம் என்னன்னு எழுத? வெளுப்புன்னா? வெட்கம்னா?"

"ரோஸ்னு எழுது."

செவ்வாய்க்கிழமை பாய்லர் ஸ்லோ குக்கரைச் சுமந்துகொண்டு கடைத்தெருவில் மிக்ஸி ரிப்பேர் செய்பவரிடம் போனார். ரிப்பேர்காரர் பாதிப் பாத்திரம் தண்ணீர் ஊற்றி, மூடி, பிளக்கில் மாட்டிவிட்டு, இவரிடம் பேசிக்கொண்டே நான்கு ஃபேன்களுக்குச் சுருள் கட்டினார். மாலையில் மூடியைத் திறந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"ஒங்களுக்கு வேலை செய்யுது. எங்களுக்குச் செய்யல."

"அப்ப கறியைக் கொண்டாந்து காட்டுங்க. கறியில ஏதோ ரிப்பேர்."

அன்று ஸ்டியூவே இல்லை. கப்பல் உருளைக்கிழங்கை வேகவைக்கச் சொல்லி உப்புத் தொட்டுச் சாப்பிட்டார். தங்கை வேகவைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

புதன்கிழமை ஏழரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழரை என்றதுமே தங்கை முகம் சுளித்தாள், எண்ணே சரியில்லை என்றாள். வேறு வழி இல்லை, கால் மணியில் பாதி அதுதான். அறுபத்துநான்கு தடவை மூடி திறந்தது. மணி மூன்றானபோது பாய்லருக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. கறி, வாங்கி வந்த பையில் இருந்ததைவிடப் புதிதாக இருந்தது. அன்று காலைச் சர்க்கரை முந்நூற்று நாற்பத்தொன்று.

மாலையில் நர்ஸ் வந்தாள். பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். கரண்டியால் ஒரு துண்டைக் குத்தினாள். கரண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு சமையல் மேடையில் கிடந்த நோட்டைப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இது என்ன அங்கிள்?"

"பதிவு. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

"இத்தனை தடவையும் மூடியைத் தெறந்தீங்களா?"

"பின்ன? தெறக்காம எப்படிப் பாக்கறது?"

நர்ஸ் தங்கையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்க நோயாளிகளோடு நின்று பேசியவள் அவள். இதற்கு உட்கார வேண்டியிருந்தது.

"அங்கிள், இதுல சூடு மெதுவாத்தான் ஏறும். ஒரு தடவை மூடியைத் தெறந்தா உள்ள இருக்கற சூடெல்லாம் போயிடும். திரும்ப ஏற அரை மணி நேரம் ஆகும். அதனாலதான் நடுவுல வேலை இல்லன்னு சொன்னேன்."

பாய்லர் பென்சிலைத் தேடி எடுத்தார். நோட்டை வாங்கி, பின் அட்டையில் கூட்டினார். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு. நூற்றிருபது தடவை. தடவைக்கு அரை மணி என்றால் அறுபது மணி நேரம். ஸ்டியூ அடுப்பில் இருந்ததோ நான்கு நாளும் சேர்த்து முப்பத்திரண்டு மணி நேரம். அதாவது, அந்தக் கறி அடுப்பில் ஏறுவதற்கு இருபத்தெட்டு மணி நேரம் முன்னால் போய் நின்றது. இன்னும் இரண்டு நாள் இதே கவனிப்பு கிடைத்திருந்தால் ஆடு எழுந்து வெளியே போயிருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் குக்கரைத் துடைத்து வைத்துவிட்டு, நாளைக்கு ஒரே ஒரு தடவை சரியாகச் செய்து பாருங்கள் என்று சொல்லிப் போனாள். நாளை வியாழக்கிழமை. அதற்கு அடுத்த நாள் சர்ஜன்.

பாய்லர் உள்ளறைக்குப் போனார். கப்பல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் தெரியும்.

"அண்ணே, மூடியைத் தெறக்கக் கூடாதாமே."

"ஆமா."

"நாப்பது வருஷம் சமைச்சியே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை எட்டு மணிக்கு. நீ மொதத் தடவை தெறந்தப்பவே சத்தம் கேட்டுச்சு."

பாய்லர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏண்ணே சொல்லல?"

"கப்பல்ல ஒரு வழக்கம் உண்டு. பாய்லர் ரூம்காரன் வேலையில சமையல்காரன் மூக்கை நுழைக்க மாட்டான்."

"விளையாடாத."

கப்பல் எதிர்ச்சுவர்க் குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "கறி வேகலன்னா குக்கர் சரியில்லன்னு போயிடும். நீங்க ரெண்டு பேரும் அதையே திட்டிட்டு இருப்பீங்க. அது நல்லா வெந்து, நானும் ஒழுங்காச் சாப்பிட்டு, அதுக்கப்புறமும் காலை எடுத்தாங்கன்னா? யாரைத் திட்டுவ?"

"எடுக்க மாட்டாங்கண்ணே. இருநூறுக்குக் கீழ வந்தா..."

"டேய், நீ என் காலைப் பாத்தியா?"

பாய்லர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"எல்லாத்தையும் பாத்துப் பாத்து எழுதறியே. அதைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. தினமும் காலையில் தங்கைதான் கட்டைப் பிரித்து மருந்து வைப்பாள். அந்த நேரத்தில் பாய்லருக்குப் பால்கனியில் ஏதாவது வேலை வந்துவிடும். செடி இல்லாத தொட்டியில் மண்ணைக் கிளறுவார், காய்ந்த துணியைத் திருப்பிப் போடுவார். ஐந்து நாளில் நூற்றிருபது தடவை மூடியைத் திறந்தவர், அந்தத் துணிக்கட்டை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

தங்கை வாசலில் வந்து நின்றாள். அவளிடம் கேட்டார், "எப்படி இருக்கு?"

"என்னைக் கேக்காதண்ணே. நீயே பாரு."

பிரித்துப் பார்த்தார். கட்டைவிரலும் அதற்கடுத்ததும் கறுத்திருந்தன. கறுப்பு அங்கே நிற்கவில்லை, பாதத்தின் மேல் பாதி வழி வந்திருந்தது. திரும்பக் கட்டத் தெரியாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தங்கை வாங்கிக் கட்டினாள்.

"இது வெள்ளிக்கிழமையே இப்படித்தான் இருந்துச்சா?"

"இதுல பாதி," என்றாள்.

வியாழக்கிழமையும் ஸ்டியூ ஏறியது. வேண்டாம் என்று கப்பல் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. பாய்லர் கறியை வாணலியில் சிவக்கப் பிரட்டிப் போட்டார், வெங்காயத்தைத் தடியாக நறுக்கினார், டர்னிப்பைத் தோல் சீவிப் பெரிய துண்டாக வெட்டினார், எலும்புச் சாறு ஊற்றினார். ஏழு மணிக்கு மூடினார். தங்கை வந்து, பேன்ட் இடுப்பில் வைக்கும் எலாஸ்டிக்கால் மூடியையும் பாத்திரத்தையும் சேர்த்து நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

எட்டு மணிக்கு அவர் கை தானாக எழுந்தது. அதை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார். ஒன்பது மணிக்குத் தங்கை அவரைத் தெருவுக்கு விரட்டினாள். சலவைக்கூடம் இருந்த தெருவரை நடந்தார். அங்கே இப்போது கார் நிறுத்தும் இடம். ஒவ்வொரு மணிக்கும் ஓர் இடத்தில் நின்று, எதையும் பார்க்காமல், திரும்ப நடந்தார். தெருவில் போகிறவர்களுக்கு யாரோ ஒரு கிழவர் பஸ் நிறுத்தமே இல்லாத இடங்களில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகத் தோன்றியிருக்கும்.

மூன்று மணிக்கு வந்து எலாஸ்டிக்கை அவிழ்த்தார். மூடியைத் தூக்கியதும் வாசனை முன்னறையைத் தாண்டி மாடிப்படி வரை போனது. கறியைக் கரண்டியால் தொட்டார். எலும்பு தனியாக வந்தது.

கப்பல் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது வாயில் ஒரு துண்டைக் கரண்டியில் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"இது யாரு?"

"டர்னிப்பு."

"உருளைக்கிழங்கு மாதிரி நடிக்குது. பரவாயில்ல, உள்ள வரட்டும்."

தட்டைக் காலி செய்தார். இன்னொரு தட்டு வாங்கினார். மாலையிலும் அதையே சாப்பிட்டார். பிரெட் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பாய்லர் எதிர்பார்த்தார். கப்பல் தட்டின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டே, "அந்தக் கெழவன் இருந்தா உப்புக் கொறைச்சல்னு சொல்லியிருப்பான்," என்றார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எடுத்தபோது சர்க்கரை இருநூற்று நாற்பத்தாறு.

சர்ஜன் பழைய எண்களைப் பார்த்தார். "ஒரே நாள்ல நல்லா எறங்கியிருக்கே. என்ன குடுத்தீங்க?"

"ஸ்டியூ," என்றார் பாய்லர். "உருளைக்கிழங்கு இல்லாம."

"இதைப் போன வாரமே ஆரம்பிச்சிருக்கலாம்."

"ஆரம்பிச்சோம். அப்ப... காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?"

சர்ஜன் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அப்படிச் சொல்ல முடியாது. காப்பாத்தியிருக்க முடியாதுன்னும் சொல்ல முடியாது." கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். "திங்கட்கிழமை பண்ணிடலாம்."

தங்கை ஆபரேஷன் சம்மதப் படிவத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

அளவு குறிப்பதற்கு நீலப் பேனாவோடு ஒரு பெண் வந்தாள். காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பாய்லர் குனிந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு கையும் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார். அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் வைத்து அளந்தாள்.

கப்பல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். "என்னடா பண்றாங்க?"

"கோடு போடறாங்கண்ணே."

"எங்க?"

பாய்லர் சொன்னார்.

"நீ பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தாண்ணே. கொஞ்ச நேரமா."

"பிடிச்சதே தெரியல," என்றார் கப்பல். "நல்லாப் பிடி."

பாய்லர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். தோலில் அவருடைய விரல்கள் பதிந்து, எடுத்த பிறகும் அந்தப் பள்ளங்கள் அப்படியே இருந்தன.